இரு முனைகளும் இடைப்பட்ட நாள்களும்: போனக்காட்டிலிருந்து ஊளம்பாறை வரை

போனக்காட்டைப் பற்றித் தேடுவோருக்கு முதலில் கிடைப்பது ஒரு பேய்க்கதை. திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில், முடங்கிப்போன தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேட்டில் '25 ஜிபி' எனப்படும் பாழடைந்த துரை பங்களா நிற்கிறது. வெள்ளைக்கார மேலாளர் ஒருவரின் பதின்மூன்று வயது மகள் அங்கே இறந்தாள் என்றும், பிற்காலத்தில் விறகு பொறுக்கச் சென்ற தோட்டத்துச் சிறுமி ஒருத்தி அந்தப் பக்கம் போய்த் திரும்பியபோது ஆவி பிடித்து, கற்றிராத ஆங்கிலத்தைத் தடையின்றிப் பேசினாள் என்றும், சில நாள்களில் அவளும் மாண்டாள் என்றும் கதை நடக்கிறது. கதையின் மெய்ம்மை இங்கே பொருட்டன்று. ஆவி பிடித்ததற்கு அந்தக் கதை காட்டும் ஒரே சான்று பேச்சு என்பதே கருதத்தக்கது. ஒருவரின் பேச்சு மாறிவிட்டால் அவரே மாறிவிட்டார் என்று ஊர் முடிவு செய்கிறது.

மனநோய் மருத்துவமும் பேச்சைக் கேட்டே தன் பணியைத் தொடங்குகிறது. இருமுனையப் பிறழ்வு என இன்று அழைக்கப்படும் நோயில் இரு நிலைகள் மாறிமாறி வருகின்றன. எழுச்சி நிலையில் பேச்சு பெருகி ஓடும். ஓர் எண்ணம் முடியுமுன் அடுத்தது பாயும். இரண்டு மணி நேர உறக்கமே போதும் என்று தோன்றும். கையில் இல்லாத பணம் செலவாகும். எட்டாத திட்டங்கள் எட்டிவிட்டதாகத் தெரியும். சோர்வு நிலையில் பேச்சு வற்றும்; எழுந்து முகம் கழுவுவதே பெரும்பாடாகும்; வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் அழுத்தும். எழுச்சி பெரும்பாலும் ஒரு வாரத்திற்குக் குறையாமலும், சோர்வு இரண்டு வாரத்திற்குக் குறையாமலும் நீடிக்கும். காலையில் சிரித்து மாலையில் அழும் இயல்பான மனமாற்றத்திற்கு இந்தப் பெயர் பொருந்தாது.

இவ்விரு முனைகளுக்கும் இடையே மாதங்களும் ஆண்டுகளும் கிடக்கின்றன. அந்த நாள்களில் அதே மனிதர் கொழுந்து பறிக்கிறார், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறார், கடன் அடைக்கிறார். முனைகளுக்குப் பெயர் வைத்த வரலாறு இந்த இடைப்பட்ட நாள்களுக்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் நோயோடு வாழ்தல் என்பது நடப்பதெல்லாம் அந்தப் பெயரற்ற நாள்களில்தான்.

பெயர்களையே முதலில் பார்க்கலாம். தமிழில் 'பித்து', 'பைத்தியம்' ஆகிய இரு சொற்களும் பித்தத்தோடு தொடர்புடையவை. உடலின் வெப்ப நாடி மிகும்போது அறிவு கலங்குகிறது என்ற மருத்துவக் கருத்து அவற்றில் உறைந்திருக்கிறது. திருநெல்வேலியிலும் குமரிப் பக்கத்திலும் வழங்கும் சொல் 'கோட்டி'. சித்த மருத்துவம் மனநோயைக் 'கிரிகை' என்றது. அகத்தியர் பெயரில் வழங்கும் கிரிகை நூல் அதைப் பதினெட்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் குறிகளையும் மருந்துகளையும் கூறுகிறது. அதிகம் பேசுதல், பேசாதிருத்தல், சிரித்தல், அழுதல் போன்ற நடத்தைகளே அங்கும் குறிகளாகின்றன. அந்த அகத்தியரின் பெயரைத் தாங்கிய 1,868 மீட்டர் சிகரத்திற்கு ஏறும் வழி போனக்காட்டிலிருந்தே தொடங்குகிறது. அம்மலையின் காணிக்காரர்கள் நோய்க்குச் சாற்றுப்பாட்டு நடத்தினர். 'கொக்கரை' என்னும் இரும்புக் கருவியின் ஒலியோடு, பிலாத்தி பாட, நோயாளியைச் சூழ்ந்து மக்கள் அமர்ந்திருந்தனர்.

பிற்காலத்தில் இடப்பெயர்களே நோய்ப்பெயர்களாயின. சென்னையில் 'கீழ்ப்பாக்கம்', கோழிக்கோட்டில் 'குதிரவட்டம்', திருவனந்தபுரத்தில் 'ஊளம்பாறை'. மூன்றும் மனநோய் மருத்துவமனைகள் அமைந்த இடங்கள். மூன்றும் ஏளனச் சொற்கள். ஓர் ஊரின் பெயரைச் சொல்லி ஒருவரை அவமதிக்க முடிகிறது என்றால், அந்த ஊருக்குச் சிகிச்சைக்காகப் பேருந்து ஏறுவது எத்தனை கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் இந்நோயை ஒரே நோயாகக் கண்டது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில். 1854-இல் பாரிஸில் இரண்டு மருத்துவர்கள் இதைப் பற்றி மோதிக்கொண்டனர். ஷான் பியர் ஃபல்ரே இதைச் 'சுழல் பித்து' என்றார். ஷூல் பையார்ஷே 'இருவடிவப் பித்து' என்றார். யார் முந்தியவர் என்ற சண்டைக்கு அடியில் ஒரு நுட்பமான வேறுபாடு இருந்தது. எழுச்சி, சோர்வு ஆகியவற்றோடு, இடையில் வரும் தெளிந்த காலத்தையும் சேர்த்தே ஃபல்ரே தம் சுழலை வரைந்தார். பையார்ஷே எழுச்சியும் சோர்வும் சேர்ந்த ஒற்றைத் தாக்குதலையே நோயாகக் கண்டார். 1899-இல் ஜெர்மானியரான எமில் கிரேப்பெலின் இதற்கு 'எழுச்சிச் சோர்வுப் பித்து' என்று பெயரிட்டு, மீண்டு தெளியும் இயல்பை வைத்தே மற்ற மனநோயிலிருந்து இதைப் பிரித்தார். 1957-இல் கார்ல் லியோன்ஹார்ட் 'இருமுனை' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அந்தச் சொல் நிலைத்தது. அதில் தெளிந்த காலத்திற்கு இடமில்லாமல் போயிற்று.

இந்தியாவில் நிறுவனங்களின் வரலாறும் முனைகளின் வரலாறே. சென்னையில் 1794-இல் வாலன்டைன் கொனலி என்ற அறுவை மருத்துவர் ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். 1871-இல் அரசின் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது. திருவிதாங்கூரில் ஆயில்யம் திருநாள் ஆட்சியில் 1870-இல் தொடங்கிய காப்பகமே பின்னர் ஊளம்பாறை மனநல மையமாக வளர்ந்தது. பிரித்தானிய இந்தியாவின் 1858-ஆம் ஆண்டுச் சட்டமும் 1912-ஆம் ஆண்டுச் சட்டமும் யாரை அடைப்பது, யார் ஆணையால் அடைப்பது, எப்போது விடுவிப்பது என்பனவற்றையே முதன்மையாகப் பேசின. ஒருவர் வீட்டில் எப்படி உறங்க வேண்டும், எப்படி வேலைக்குச் செல்ல வேண்டும் என்பது சட்டத்தின் கேள்வியாகவே இல்லை.

அதே காலத்தில்தான் திருவிதாங்கூர் மலைகளில் தோட்டங்கள் எழுந்தன. முதலில் காப்பி, இலைநோய் அதைத் தின்றபின் தேயிலை. போனக்காட்டைப் பழைய ஆங்கிலப் பதிவுகள் 'பான் அக்கார்டு' என்று எழுதின. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரம் தன் முழக்கமாகக் கொண்ட தொடரும் அதுவே. 'நல்லிணக்கம்' என்பது அதன் பொருள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். அவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகள் 'லயம்' எனப்பட்டன. 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் தொழிலாளர் நாவில் அப்படி ஆயிற்று. இசையில் தாளத்தின் சீரான ஓட்டத்தைக் குறிக்கும் லயமும் ஒலியளவில் அதுவே. இந்தத் தற்செயல் ஒற்றுமைக்குப் பின்னால் வேறொரு பொருத்தமும் இருப்பதைக் கீழே காணலாம்.

மருந்தின் வரலாறும் இந்த மண்ணைத் தொட்டுச் செல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் விளையும் சர்ப்பகந்தியின் வேரை நாட்டு மருத்துவர்கள் உறக்கத்திற்கும் பித்துக்கும் கொடுத்துவந்தனர். 1931-இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இரத்த அழுத்தத்திலும் பித்திலும் அதன் பயனை ஆய்விதழில் எழுதினர். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அதிலிருந்து ரெசர்பின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தனர். கொந்தளிப்பு தணிந்தது. ஆனால் ரெசர்பின் உட்கொள்வோர் சிலருக்குக் கடும் மனச்சோர்வு உண்டாவதாக 1950-களிலேயே மருத்துவர்கள் எழுதத் தொடங்கினர். ஒரு முனையை மட்டும் அடக்கும் மருந்து இந்நோய்க்குப் போதாது; இரண்டையும் தடுத்து நடுவில் நிறுத்தும் ஒன்று தேவைப்பட்டது.

அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டு ஜப்பானியரின் போர்க்கைதியாக இருந்து மீண்ட ஜான் கேட் என்ற மருத்துவர், மெல்பர்ன் அருகே ஒரு மருத்துவமனையில் லித்தியம் உப்பைச் சோதித்தார். 1948 மார்ச் மாதம் முதலில் அதைப் பெற்றவர் ஐம்பத்தொரு வயதான ஒருவர். ஐந்து ஆண்டுகளாக எழுச்சி நிலை தணியாமல் இருந்தவர். சில வாரங்களில் தெளிந்தார்; சில மாதங்களில் வீடு திரும்பி, பழைய வேலையிலும் சேர்ந்தார். கேட் 1949-இல் வெளியிட்ட கட்டுரை மனநோய் மருத்துவத்தில் ஒரு திருப்பம் என்று எல்லா நூல்களும் கூறும்.

அந்த முதல் நோயாளியின் பிற்கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வீடு திரும்பியவர் நலமாக இருப்பதாக எண்ணி மருந்தில் கவனம் தளர்ந்தார், பின்பு நிறுத்தியேவிட்டார். நோய் திரும்பியது; மருத்துவமனைக்கு மீண்டும் வந்தார். மறுபடி லித்தியம் கொடுக்கப்பட்டது. 1950-இல் அதே மருந்தின் நச்சுத்தன்மையால் இறந்தார். குறைந்தால் நோய், மிகுந்தால் நஞ்சு. இடைப்பட்ட நாள்களை எப்படி நடத்துவது என்ற கேள்வி, மருந்து கண்டறியப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே ஓர் உயிரை விலையாகக் கேட்டது.

விடை இரண்டு படிகளில் கிடைத்தது. இரத்தத்தில் லித்தியத்தின் அளவைச் சோதித்து அறியும் முறையை 1950-களின் தொடக்கத்தில் மெல்பர்னில் எட்வர்டு டிராட்னர் முதலானோர் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோவும் பால் கிறிஸ்டியன் பாஸ்ட்ரப்பும் 1967-இல், தெளிந்த காலத்திலும் தொடர்ந்து உட்கொண்டால் லித்தியம் நோய் திரும்புவதையே தடுக்கிறது என்று காட்டினர். ஃபல்ரே வரைந்த தெளிந்த காலம் அப்போதுதான் மருத்துவத்தின் களமாயிற்று.

அந்தக் களத்தின் நாள்முறையை விரித்துப் பார்த்தால், அது எவ்வளவு எளியதோ அவ்வளவு கடினமானது என்பது புரியும். லித்தியத்தின் அளவு பொதுவாக ஒரு லிட்டர் இரத்த நீர்மத்தில் 0.6-லிருந்து 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தால்தான் கணக்குச் சரியாக வரும். இரவு ஒன்பது மணிக்கு விழுங்கியவர் காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்தில் இருக்க வேண்டும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். நகரிலிருந்து போனக்காடு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். விதுரா வந்து, காணித்தடம் சோதனைச் சாவடியைக் கடந்து, யானை நடமாடும் காட்டுச் சாலையில் ஏற வேண்டும். பேருந்துகள் சில நடைகளே. நெடுமங்காட்டிலிருந்து நகருக்குச் செல்லும் சாலை ஊளம்பாறைக்கு அருகிலுள்ள பேரூர்க்கடை வழியாகவே செல்கிறது. ஆனால் காலை ஒன்பது மணி என்ற அந்த ஒரு நேரத்திற்குள் மலையிலிருந்து இறங்கி வருவதற்கு ஒரு நாள் கூலி போகும்.

உடலுழைப்பாளர் அறிந்தே ஆக வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தைப் போலவே கையாள்கிறது. வியர்வையிலோ வயிற்றுப்போக்கிலோ உப்பும் நீரும் குறைந்தால், உடல் சோடியத்தோடு லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதே மாத்திரை நஞ்சாகத் தொடங்குகிறது. கை கடுமையாக நடுங்குதல், வாந்தி, நடை தள்ளாடுதல், நாக்குழறல் ஆகியன அதன் எச்சரிக்கைகள். இடுப்பு வலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை உயர்த்தக்கூடியவை. ஆகவே இந்நோயோடு வாழ்பவருக்குக் குடிநீரும், கஞ்சியில் போடும் உப்பும், முதுகுவலி மாத்திரையும் மனநலத்தின் பகுதிகளாகிவிடுகின்றன. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீரையும் வீட்டையும் மருத்துவ வசதியையும் முதலாளியின் கடமையாக்கியது. தோட்டம் இயங்கும் வரைதான் அந்தக் கடமைக்கு உயிர்.

இனி உறக்கம். ஓரிரு இரவுகள் உறக்கம் கெடுவதே எழுச்சி நிலையைக் கிளப்பிவிடக் கூடும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்தது. இதன் அடிப்படையில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் எல்லன் ஃபிராங்கும் அவர் குழுவினரும் ஒரு சிகிச்சை முறையை வகுத்தனர். எழும் நேரம், முதல் ஆளைப் பார்க்கும் நேரம், வேலை தொடங்கும் நேரம், உண்ணும் நேரம், படுக்கும் நேரம் ஆகிய ஐந்தையும் நாள்தோறும் குறித்துவைத்து, அவை பெரிதாகப் பிறழாமல் காப்பதே அதன் சாரம். நாளுக்கு ஒரு தாளக்கட்டு அமைப்பது என்று சொல்லலாம். லயம் என்ற சொல்லின் மற்றப் பொருள் இங்கே வந்து பொருந்துகிறது.

தோட்ட வாழ்க்கையில் அந்தத் தாளம் வெளியிலிருந்து வந்தது. சங்கொலி எழுப்பியது, பெயர்ப்பதிவு கூட்டியது, கொழுந்து நிறுவை நாளை முடித்தது. அது நோயாளியின் நலத்திற்காக அமைக்கப்பட்டதன்று. உழைப்பைப் பிழிவதற்காக அமைக்கப்பட்டது. கண்காணியின் அதட்டலை மருத்துவம் என்று போற்றுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். ஆயினும் கூலி நிலுவையாகி, ஆலை மூடப்பட்டு, இயந்திரங்கள் துருவேறியபோது, கூலியோடு சேர்ந்து தாளமும் போயிற்று. எஞ்சியவர்கள் கிடைத்த வேலைக்குக் கிடைத்த நேரத்தில் போயினர். வேலையுள்ள நாள் விடியுமுன் தொடங்குகிறது. வேலையற்ற நாளுக்குத் தொடக்கமே இல்லை. இருமுனையப் பிறழ்வு உள்ள ஒருவருக்கு இதைவிடப் பொருந்தாத கால அட்டவணையை வகுக்க முடியாது.

ஆகவே அத்தகைய வீட்டில் தாளத்தை உள்ளிருந்துதான் உண்டாக்க வேண்டும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே நேரத்தில் எழுதல். இரவுக் காவல் வேலையைத் தவிர்த்தல். திருவிழாவிலும் துக்க வீட்டிலும் முழு இரவு விழிக்காதிருத்தல். மாத்திரையை இரவுச் சோற்றோடு இணைத்தல். மாத்திரையை நிறுத்தும் ஆசை துன்பத்தில் வருவதைவிட நலத்தில்தான் மிகுதியும் வரும். மெல்பர்னின் முதல் நோயாளிக்கும் அப்படியே வந்தது. எழுச்சியின் தொடக்கம் இனிமையாக இருப்பதால் அதை நோய் என்று நோயாளியே ஏற்பதில்லை. வீட்டார்தான் முதலில் அறிவர். பேச்சின் வேகம், உறக்கத்தின் அளவு, கடன் கேட்கும் துணிவு ஆகிய மூன்றையும் நலமாக இருக்கும் காலத்திலேயே பேசி, எது கண்டால் மருத்துவரிடம் போவது என்று உடன்பட்டிருப்பது நோய் முற்றியபின் நடக்கும் சண்டைகளைக் குறைக்கிறது. செலவு கைமீறும் எனத் தெரிந்த குடும்பங்கள் நகையையும் பணத்தையும் பொதுப் பொறுப்பில் வைக்கின்றன. அதை அவரோடு பேசிச் செய்வதற்கும் அவரிடமிருந்து பறித்துச் செய்வதற்கும் உள்ள தொலைவு பெரிது.

இவ்வளவும் ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் விழக்கூடாது என்ற எண்ணம் அரசுக்குத் தாமதமாகவே வந்தது. தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கி, 1999-இல் திருவனந்தபுரத்தை அடைந்து, மருத்துவரும் மருந்தும் சிற்றூர் மருத்துவமனைகளுக்குச் செல்ல வழி செய்தது. இடையே 2001 ஆகஸ்டு 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 நோயாளிகள் தீயில் கருகினர். 2015-16-ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடும் கேரளமும் உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. இருமுனையப் பிறழ்வு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர் சிகிச்சை பெறவில்லை என்று அது கண்டது.

பேச்சைக் கேட்டே அறியப்படும் நோயில் மொழி ஒரு தடையாகும்போது கேடு இரட்டிக்கிறது. மலையாளம் தெரிந்த தோட்டத் தமிழரும் தம் மனச்சோர்வைச் சொல்லத் தாய்மொழியைத்தான் நாடுவர். 'நெஞ்சு அடைக்குது', 'ஒண்ணும் ஓடல' என்பவை மொழிபெயர்ப்பில் இதயநோயாகவும் சோம்பலாகவும் மாறிவிடக் கூடும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையையும் பக்கவிளைவுகளையும் பற்றிய செய்தியை நோயாளிக்குப் புரியும் மொழியில் பெறுவதை உரிமையாக்கியுள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம். காட்டுச் சாலைக்கும் பேருந்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு இந்நோய்க்கென்றே எழுதியது போன்றது. வயதுவந்த எவரும், பிற்காலத்தில் தமக்கு மனநோய் வந்து முடிவெடுக்கும் ஆற்றல் குன்றினால் எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தெளிந்த காலத்து மனிதர் கலங்கிய காலத்துத் தம்மைக் குறித்துச் சொல்லும் சொல்லுக்குச் சட்டம் செவிசாய்க்கிறது. 1858-இல் முனைகளை மட்டும் கண்ட சட்டம், இடைப்பட்ட நாள்களின் குரலைக் கேட்க 159 ஆண்டுகள் ஆயின.

போனக்காட்டுக்கு இன்றும் இளைஞர் வண்டிகளில் வந்து, இருட்டில் பாழ் பங்களாவின் சன்னல்களைப் படம்பிடித்துச் செல்கின்றனர். சற்றுக் கீழே லயங்களில் விளக்கெரிகிறது. அந்நேரத்தில் எந்த வீட்டிலேனும் ஒருவர் இரவுச் சோற்றுக்குப் பின் ஒரு மாத்திரையை விழுங்கி, ஒரு செம்பு நீர் குடித்து, நேற்றுப் படுத்த அதே நேரத்தில் படுப்பாரானால், இரு நூற்றாண்டு மருத்துவம் கற்றுக்கொண்டதன் சாரம் அங்கே நிறைவேறுகிறது. கதையாகச் சொல்ல அதில் எதுவும் இல்லை. அப்படி ஒன்றும் இல்லாமல் ஓர் இரவு கழிவதுதான் அவர் ஈட்டிய வெற்றி.